தண்டல் வீட்டு ஆண்டெனா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்பு. சாப்பிட உட்கார்ந்த நாலு பேரில் மூன்று பேர் கையில் போன். நாலாவது ஆள் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நான்தான், என் போன் சார்ஜில் கிடந்தது. காலை வணக்கப் படங்களை நாற்பது பேருக்கு அனுப்பிய பிறகே பல் தேய்க்கப் போகிற ரகம் நானும். அன்றைக்கு என்னவோ, நெத்திலி மேல் இரக்கம் வந்துவிட்டது. இவ்வளவு ருசியாகச் செத்துக் கிடக்கிறது, ஒருவரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று.

"காத்து ஏறுது" என்றேன்.

என் மகன் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து, அலமாரியிலிருந்து மக்ரூன் டப்பாவை எடுத்து வந்தான். எல்லாப் போனும் உள்ளே போனது, என்னுடையதும் சேர்த்து. வீட்டுக்கு வந்து இரண்டு வருடமான மருமகள் அன்றுதான் கேட்டாள். அவள் விளாத்திகுளத்துப் பெண், கடல் சங்கதி தெரியாது.

"அத்தை, ஜன்னல் பூரா சாத்திக் கெடக்கு. நீங்க எந்தக் காத்தச் சொல்லுதீங்க?"

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய உங்களுக்கு அவளிடம் சொன்னதுபோல ஆண்டெனா என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அந்த வகையில் வேலை மிச்சம்.

என் அப்பா தண்டல். தோணியை ஓட்டிப்போகிற தலைவரைத் தூத்துக்குடியில் அப்படித்தான் சொல்வோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடும், வெங்காயம் தொட்டுக் கூரை ஓடு வரைக்கும் சுமந்துபோகிற பாய்மரத் தோணி. வைகாசி பாதியில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்ததும் தோணியைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஆவணியில் காற்று தணிந்ததும் மறுபடி சரக்கு ஏற்றுவார்கள். இடைப்பட்ட அந்த மூன்று மாதம்தான் எங்களுக்கு அப்பா. மற்ற ஒன்பது மாதமும் அப்பா என்றால் ஒரு போட்டோ.

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பு ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மழமழவென்ற முகம். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அம்மா என் தம்பியைத் தூக்கி, "அப்பாவுக்கு முத்தம் குடு" என்பாள். அவன் கண்ணாடியில் எச்சில் பட முத்தம் கொடுப்பான்.

நான் சொல்கிற வருடம் எனக்குப் பதினொன்று, தம்பிக்கு நாலு. வைகாசியில் அப்பா வந்து நின்றார். கறுத்து, மெலிந்து, தாடியோடு. தம்பி அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டான். வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம் "தண்டல் இருக்காரா?" என்று கேட்கவே, அவனும் அதையே பிடித்துக்கொண்டான். அப்பா சுவரில் இருக்கிறார், வந்தவர் தண்டல்.

"எம்மா, தண்டலு சோறு கேக்காரு."

முதல் நாள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலாம் நாள் அவர் அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுநாள் காலையில் சலூனுக்குப் போய் மழித்து, தலை படிய எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தம்பி முன்னால் உட்கார்ந்தார். தம்பி போட்டோவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "தண்டலு எங்கயோ கல்யாணத்துக்குப் போறாரு" என்றான்.

அப்பாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணிக்குள் ஒரு தடவையாவது அவன் வாயால் அப்பா என்று கேட்டுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அதற்கு அவர் கையில் ஒரு உபாயம் இருந்தது. அந்தத் தடவை கொழும்பிலிருந்து ஒரு டிவி கொண்டுவந்திருந்தார். இரண்டு கம்பளியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தது.

"மூணு மாசமும் எல்லாரும் ஒரே எடத்துல சேந்து உக்காந்திருக்கலாம்ளா" என்று அம்மாவிடம் சொன்னார். பாவம், அவர் நினைப்பு அப்படி.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது மெட்ராஸ் டிவி நம் பக்கம் எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கை டிவிதான் தெரியும், அதுவும் ஆண்டெனாவைத் தென்னை உசரத்துக்குத் தூக்கினால். எங்கள் தெருவில் அதற்கு முன் இரண்டு வீட்டில் ஆண்டெனா இருந்தது. இரண்டும் இரும்புக் குழாய், அடியில் சிமெண்டு போட்டு நிறுத்தியது. எங்கள் வீட்டில் அதை நட்டது தோணி ஆட்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே விதம்தான். மொட்டை மாடியில் ஒரு நெட்டைக் கம்பம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு, உச்சியில் தோணியிலிருந்து கழற்றிவந்த ஒரு மரக் கப்பி. ஆண்டெனாவைக் கயிற்றில் கட்டிக் கொடி ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்தக் கப்பி 'கிறீச் கிறீச்' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும்.

ரேடியோ கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஆண்டெனாவ ஒருக்க வச்சா வச்சதுதான். அத யாரும் தெனமும் ஏத்தி எறக்க மாட்டாங்க."

"காத்து ஏறுனா பாய்மரத்து மேல ஒண்ணையும் விட்டு வைக்கக் கூடாதுவே" என்றார் அப்பா. முப்பது வருடம் கடலில் கிடந்தவருக்கு வேறு சட்டம் தெரியாது.

டிவி பேச ஆரம்பித்த அன்றே வீடு எங்கள் கையை விட்டுப் போனது. நாலு மணிக்குத் தெருப் பிள்ளைகள் இடம் பிடிப்பார்கள், ஆறு மணிக்குப் பெரியவர்கள். தம்பி திரைக்கு ஒரு சாண் தூரத்தில். அம்மா சிங்களச் செய்தியைக்கூட இமை கொட்டாமல் பார்ப்பாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், "அந்தப் பொம்பள சேல நல்லாருக்கு" என்பாள். நான் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் ஓட்டமாக ஓட்டினேன். அப்பா கடைசி வரிசையில், பிடரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலைந்து நாளில் அந்த இடமும் போய்விட்டது. புறவாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, அறுந்து போகாத கயிற்றையெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்து கச்சான் பலமானது. ஒரு நாள் சாயங்காலம் அப்பா முற்றத்தில் நின்று முகத்தை மேலே தூக்கினார். "காத்து ஏறுது. எறக்கிருவோம்" என்று மாடிக்குப் போனார். கப்பி கத்தியது. டிவியில் ஆட்கள் மறைந்து வெள்ளை எறும்பு மொய்த்தது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மற்ற இரண்டு வீட்டு ஆண்டெனாவும் அதே காற்றில் ஆடிக்கொண்டு நின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதில் மேல் கையை வைத்துக்கொண்டு, "வயித்தெரிச்சல் புடிச்ச மனுசன். நாலு பேரு கூடிப் பாக்குறது பொறுக்கல" என்றாள். நானும் அதைத்தான் நம்பினேன். பதினொரு வயதில் எனக்கு இருந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீனில் முள்ளெடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். படம் பாதியில் நின்ற நாளெல்லாம் அவர் வைத்த மீனை விரலால் ஒதுக்கித் தள்ளினேன். அவர் அடுத்த துண்டில் முள் எடுத்தார்.

டிவி இல்லாத சாயங்காலம் முதலில் ஒரு பெரிய பாரமாக இருந்தது. தம்பி தரையில் உருண்டான். என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் "வாங்க, தோணியப் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டிப்போனார். கரையில் தோணிக்கு மராமத்து நடந்துகொண்டிருந்தது. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, மேலே சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த வாடை மூன்று நாள் குளித்தாலும் போகாது. தம்பி ஒரு துணியை வாங்கித் தன் உயரத்துக்கு எட்டிய பலகையில் பூசினான். வீட்டுக்கு வரும்போது அவன் தலைமுடி வரைக்கும் சுறா. அம்மா திட்டிக்கொண்டே சீயக்காய் போட்டாள். தம்பி அப்பாவைக் காட்டி, "தண்டலுக்கும் தேச்சு விடு" என்றான். அம்மா உண்மையிலேயே அப்பா தலையிலும் ஒரு கை சீயக்காயை அப்பிவிட்டாள். அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. பெரிய காரியம் எதுவும் இல்லை. மிச்சக் கயிற்றில் வேப்ப மரத்தில் ஊஞ்சல் கட்டினார். முற்றத்தில் கல்லைக் கூட்டி, தோணியில் ஆக்குகிற மாதிரி ஒரு மீன் குழம்பு வைத்தார். கண்ணில் நீர் கொட்டக் கொட்டத் தின்றோம். மாலத்தீவுச் சோழியை உருட்டித் தாயம் ஆடினோம். "தண்டலு கள்ளாட்டம்! தண்டலு கள்ளாட்டம்!" என்று தம்பி கத்துவது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஒரு நாள் அம்மாவும் கடற்கரைக்கு வந்தாள். கடலுக்குப் பத்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு அவள் காலை நனைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஒரு அலை முழங்கால் வரை ஏறியபோது, "ஏங்க!" என்று கூவி அப்பாவின் தோளைப் பிடித்தாள். அவித்த கடலைப் பொட்டலம் தண்ணீரில் போனது. அதைத் தேடித் தம்பி அழுதது, ஈரச் சேலையோடு அம்மா நடந்தது, வழியெல்லாம் மணல் உதிர்ந்தது, எல்லாம் இந்த நிமிடம்வரை எனக்குள் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் டிவியில் பார்த்தது ஒன்றுகூட நினைவில் இல்லை.

தம்பி அப்பாவின் பாதத்தின் மேல் ஏறி நின்று நடக்கக் கற்றான். அவர் கை பிடிக்காமல் தூங்க மாட்டேன் என்றான். ஆனால் தண்டல், தண்டல்தான். அப்பா என்று சொல் என்று நான் ஒரு நாள் கிள்ளியபோது, சுவரைக் காட்டி, "அப்பா அங்கன இருக்காரு" என்று அழுதான். அப்பா என் கையைப் பிடித்துத் தடுத்து, "விடுளா. அவன் என்ன பொய்யா சொல்லுதான்?" என்றார்.

மாதா கோயில் திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தோணி முதலாளி வீட்டு ஆள் வந்து, சரக்கு வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் எட்டு நாளில் தோணி புறப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் இலங்கை டிவியில் ஒரு தமிழ்ப் படம். தெருவே எங்கள் வீட்டில். காற்றும் கருணை காட்டியது. கச்சான் அடங்கி, புழுக்கமான புழுக்கம்.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு நடையில் வந்து நின்றார். உட்கார இடம் தேடினார். எங்கும் இல்லை. முன்னால் இருந்த ஒருவர் திரும்பாமலே, "தண்டலே, மறைக்காதீரும்" என்றார். சொந்த வீட்டில். அப்பா சிரித்து விலகிப் புறவாசலுக்குப் போனார். அவரோடு அம்மாவின் பார்வையும் போனதை நான் பார்த்தேன், ஆனால் படத்தில் சண்டை வந்துவிட்டது.

சண்டை உச்சத்தில் இருக்கும்போது கப்பி கத்தியது. திரையில் எறும்பு. வீடே "ஐயோ" என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன், அன்றைக்கு அப்பாவை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று.

அங்கே அப்பா இல்லை. அம்மா நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பா செய்வதுபோலவே கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டெனா பாதிக் கம்பத்தில் இருந்தது. அடுத்த வீட்டு அடுப்புப் புகை நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போனது. வேம்பில் ஒரு இலை அசையவில்லை.

"எம்மா, காத்தே இல்லையே!"

அம்மா நிறுத்தவில்லை. "எட்டு நாளுல அவரு போயிருவாருளா. படம் எங்கன போயிறப் போவுது?" என்றாள். இன்னும் ஒரு கை கயிற்றை விட்டுவிட்டு, "நேத்தும் நான்தான் எறக்குனேன். முந்தாநாளும். ஆடி பொறந்ததுலருந்தே நான்தான்" என்றாள்.

ஒரு மாதமாகத் தெருவே அப்பாவைத் திட்டியிருக்கிறது. பெரியம்மா திட்டினாள். நான் மீனை ஒதுக்கினேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

கீழே கூச்சல். "யாருவே அது எறக்குனது?"

அப்பாவின் குரல் புறவாசலிலிருந்து நிதானமாக வந்தது. "நான்தான் எறக்கச் சொன்னேன். மேல காத்து ஏறுது."

"என்ன தண்டலே, ஒரு இலை அசையலியே!"

"இங்கன அசையாது. மேல ஏறிப் பாரும்."

ஒருவரும் ஏறவில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். காற்று விஷயத்தில் ஒரு தண்டலோடு வாதாட எவரும் துணிய மாட்டார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, காற்று ஏறுகிறது என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் அழுதும் விட்டாள்.

அன்றைக்கு இரவுச் சோற்றில் அப்பா முள்ளெடுத்து வைத்த மீனைத் தின்றேன். அவர் பார்க்காததுபோல் இன்னொரு துண்டு வைத்தார். ஜெபமாலை முடிந்ததும் அம்மாவின் கை வேலையாக இருந்ததால் அப்பாவே தம்பியைத் தூக்கிப் போட்டோவுக்கு நேராகப் பிடித்தார். தன்னுடைய போட்டோவுக்கு. அவன் கண்ணாடியில் முத்தம் கொடுத்துவிட்டு, "போதும், எறக்கி விடு தண்டலு" என்றான்.

எட்டு நாளும் எங்கள் ஆண்டெனா ஏறவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

புறப்படுகிற நாள் காலையில் பழைய துறைமுகத்துக்கு எல்லோரும் போனோம். தம்பிக்கு அது ஒரு வேடிக்கை. அம்மா இடுப்பில் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் டாட்டா காட்டினான். அப்பா எங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டு ஏறிச் சுக்கான் பக்கம் போனார். கயிற்றை அவிழ்த்தார்கள். தோணி விலகியது. தம்பி பூசிய பலகை மட்டும் திட்டுத் திட்டாக மின்னியது. பிறகு ஆட்கள் சேர்ந்து இழுக்க, கப்பி கத்தியது. கிறீச். கிறீச். பாய் மேலே போக ஆரம்பித்தது.

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அது ஏறினால் வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுவார்கள், ஊஞ்சல் இல்லை, தாயம் இல்லை. இறங்கினால்தான் எல்லாம்.

"எறக்கு!" என்று கத்தினான். பாய் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்து துள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்கக் கத்தினான். "எப்பா! காத்து ஏறுது! எறக்குப்பா! எப்பா!"

துறைமுகத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சுக்கானைப் பிடித்தபடி எழுந்து நின்றதைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. அடுத்த வருடம் தோணி ஆள் ஒருவர் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஒங்க அப்பா சுக்கான அடுத்தவன் கையில குடுத்து நாங்க பாத்ததே இல்ல. அன்னைக்குக் குடுத்துட்டு, தண்ணிப் பீப்பாக்குப் பின்னால போயி உக்காந்துட்டாரு."

தம்பிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இது எதுவுமே நினைவில்லை என்கிறான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. டிவி எந்தப் பழைய சாமான்காரரோடு போனது என்று தெரியாது. கப்பியை வீடு இடித்துக் கட்டியபோது தேடினேன், கிடைக்கவில்லை. போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. கண்ணாடியில் அவன் வாய் பட்ட இடம் எவ்வளவு துடைத்தாலும் மங்கல்தான். எனக்கு அப்பா மூன்று மூன்று மாதமாகத்தான் கிடைத்தார். அதில் ஒரு மாதத்தையாவது அம்மா கயிற்றைப் பிடித்து இறக்கி எங்களுக்கு மீட்டுக் கொடுத்தாள். அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

தோணி போன அன்று சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. அழுது ஓய்ந்து தம்பி அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், ஆண்டெனாவை ஏற்றட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம்ளா. காத்து ஏறுது" என்றாள்.

நான் வேம்பைப் பார்த்தேன். ஒரு இலை அசையவில்லை.

"ஆமாம்மா, ஏறுது" என்றேன்.